பாதிக்கப்பட்டவங்களுக்கு இழப்பீடு வந்த கதை



மலருக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக் கூட்டத்தில் கேட்டபோது ஒருவர் கறவை மாட்டுக் கடன் பற்றி எழுதுகிறேன் என்றார். இன்னொருவர் சிறுதானியப் பலகாரம் பற்றி எழுதுவதாகச் சொன்னார். நான் இதை எடுத்துக்கொண்டேன். எங்க வீட்டுக்காரர்கூட, "கோர்ட்டு கச்சேரி விஷயமெல்லாம் உனக்கு எதுக்கு, கோலம், சமையல்னு ஏதாச்சும் எழுது"ன்னு சொன்னார். நான் 10ஆம் வகுப்பு வரை படித்தவள். சட்ட விழிப்புணர்வு முகாமில் கொடுத்த புத்தகங்கள், நூலகத்தில் பார்த்த பழைய செய்தித்தாள்கள், எங்க ஊருக்கு வரும் சட்டத் தன்னார்வலர் அம்மா சொன்னது, இதையெல்லாம் இரண்டு வருஷமா ஒரு நோட்டுல எழுதி வச்சிருந்தேன். அதைத்தான் இங்கே கோர்வையாகக் கொடுக்கிறேன்.

கொலை, அடிதடி, பாலியல் கொடுமை, ஆசிட் வீச்சு என்று ஒரு குற்றம் நடந்தால் போலீஸ் வரும், கேஸ் நடக்கும், செஞ்சவன் ஜெயிலுக்குப் போவான். இது எல்லாருக்கும் தெரியும். ஆனா அடிபட்டுக் கிடக்கிற பொம்பளைக்கு யார் சோறு போடுறது, ஆஸ்பத்திரிச் செலவு யாருது, பிள்ளைங்க படிப்பு என்ன ஆகுது? இந்தக் கேள்வியை நம்ம நாட்டுச் சட்டம் ரொம்ப காலம் கேட்கவே இல்லை. அதைக் கேட்க வைத்தது யார், எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நம்ம மண்ணிலிருந்தே தொடங்குகிறேன். தருமபுரி மாவட்டத்தில் காட்டோரம், ஏரிக்கரை என்று எங்கே போனாலும் நடுகல் நிற்கும். வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறோமே, அதில் பலதும் நடுகல்தான். ஊர் மாட்டை ஓட்டிப் போனவர்களோடு சண்டை போட்டுச் செத்தவர்களுக்கு நட்ட கல். அப்படிச் செத்தவர் குடும்பத்துக்கு ராஜா நிலம் கொடுத்திருக்கிறார். அந்த நிலத்துக்கு நெத்தோர்பட்டி, உதிரப்பட்டி என்று கல்வெட்டில் பெயர். உதிரம் என்றால் ரத்தம். ரத்தம் சிந்தியதற்காகக் கொடுத்த நிலம் என்று அர்த்தம். வீட்டைத் தாங்கியவன் போய்விட்டால் குடும்பத்தை ஆளுகிறவன் பார்க்க வேண்டும் என்கிற எண்ணம் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நம்ம பக்கம் இருந்திருக்கிறது. ஆனால் அது சண்டை போட்ட வீரனுக்குக் கொடுத்தது. தண்ணி எடுக்கப் போன இடத்தில் சீரழிக்கப்பட்ட பெண்ணுக்கு எந்த ராஜாவும் பட்டி எழுதிக் கொடுத்ததாக நான் படிச்ச எதிலும் இல்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் 1898-ல் ஒரு குற்ற விசாரணைச் சட்டம் போட்டார்கள். குற்றவாளிக்கு அபராதம் போட்டால், அதில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கலாம் என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1973-ல் புதிதாக எழுதிய சட்டத்தில் அதுவே 357ஆம் பிரிவாக வந்தது. படிக்க நல்லாத்தான் இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். குற்றவாளி யார் என்றே தெரியவில்லை என்றால் பணம் இல்லை. கேஸ் தோற்றுப் போனாலும் இல்லை. ஜெயித்து அவனிடம் காசு இல்லாவிட்டாலும் இல்லை. எல்லாம் சரியாக வந்தாலும் தீர்ப்பு வரப் பத்து வருஷம் ஆகும். அதுவரை அந்தக் குடும்பம் எதை வைத்துக் கஞ்சி குடிக்கும்?

இந்த ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னது இங்கிலாந்தில் ஒரு பெண்மணி. மார்ஜரி ஃப்ரை என்று பெயர். ஜெயில்களைச் சீர்திருத்த வேண்டும், கைதிகளை மனுஷனா நடத்த வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் பாடுபட்டவர். வயதான காலத்தில் 1957-ல் ஒரு பத்திரிகையில் பாதிக்கப்பட்டவர்களுக்காக எழுதினார். அதில் ஒரு கணக்குச் சொன்னார். 1951-ல் ஒரு மனுஷனை இரண்டு பேர் அடித்ததில் அவருக்குக் கண் பார்வையே போய்விட்டது. கோர்ட் 11,500 பவுண்டு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அடித்தவர்கள் ஆளுக்கு வாரம் 5 ஷில்லிங் தவணையாகக் கட்ட வேண்டும் என்று உத்தரவு. வாரத் தவணை நமக்குப் புதுசா? ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். இரண்டு பேரும் சேர்ந்து வாரம் அரை பவுண்டு. அப்படியானால் 11,500 பவுண்டு கட்டி முடிக்க 442 வருஷம் ஆகும்! நான் இதைக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. மக்களைக் காப்பாற்றுவதாக வரி வாங்குவது அரசாங்கம், காப்பாற்ற முடியாமல் போனால் அரசாங்கம்தான் கொடுக்கணும் என்பது அந்த அம்மா பக்கத்து நியாயம். 1958-லேயே அவர் இறந்துவிட்டார். 1963-ல் நியூசிலாந்து நாடு இதற்கென்று சட்டம் போட்டது, உலகத்திலேயே அதுதான் முதல். அடுத்த வருஷம் இங்கிலாந்திலும் திட்டம் வந்தது. 1985-ல் ஐக்கிய நாடுகள் சபையும் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு உதவ வேண்டும் என்று அறிக்கை நிறைவேற்றியது.

இனி நம்ம கதைக்கு வருவோம். இந்தக் கூட்டமைப்பில் இருக்கிற எல்லாருக்கும் 1989 என்ற வருஷம் தெரிந்திருக்க வேண்டும். அந்த வருஷம்தான் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் முதன்முதலாக நம்ம தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பித்தன. அது ஆரம்பித்து மூன்றே வருஷத்தில், இதே மாவட்டத்தில்தான் வாச்சாத்தியும் நடந்தது. ஒரு பக்கம் பெண்கள் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து சந்தா கட்டிக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் சித்தேரி மலையடிவாரத்தில் அரசாங்க வண்டிகள் ஒரு ஊரைச் சூழ்ந்துகொண்டு நின்றன.

அரூர் பக்கத்து அக்காங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். 1992 ஜூன் 20. சந்தனமரம் கடத்துகிறார்கள், பதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் 269 பேர் வாச்சாத்திக்குள் போனார்கள். மலையாளி என்கிற பழங்குடி மக்கள் வாழும் ஊர். வீடுகளை நொறுக்கினார்கள், தானியத்தைக் கொட்டினார்கள், ஆடு கோழிகளை அறுத்துத் தின்றார்கள், குடிக்கிற கிணற்றைக் கெடுத்தார்கள். 18 பெண்களை ஏரிப்பக்கம் கொண்டுபோய்ப் பாலியல் கொடுமை செய்தார்கள். அதில் பள்ளிக்கூடம் படிக்கிற பிள்ளையும் இருந்தது. பிறகு குழந்தைகளோடு சேர்த்து நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கைது செய்து சேலம் ஜெயிலில் போட்டார்கள். கொடுமை செய்தவன் வெளியில், கொடுமைக்கு ஆளானவள் உள்ளே.

அந்த 1992-ஆம் வருஷமேதான் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. இரண்டையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

வாச்சாத்தி மக்களுக்காகத் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் கோர்ட்டுக்குப் போயின. தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரியாக இருந்த பாமதி என்ற ஐ.ஏ.எஸ். அம்மா நேரில் வந்து விசாரித்து, நடந்தது உண்மைதான் என்று அறிக்கை கொடுத்தார். 1995-ல் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவு போட்டது. 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி கோர்ட் தீர்ப்பு சொன்னது. 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்துப் போயிருந்தார்கள். மிச்சம் 215 பேருமே குற்றவாளிகள். எல்லாரும் அப்பீல் போனார்கள். உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே நேரில் வந்து பார்த்தார். அதே வருஷம் செப்டம்பர் 29-ல் அப்பீல்களைத் தள்ளுபடி செய்தார். அந்தத் தீர்ப்பில்தான் நம்ம கட்டுரைக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது. 18 பெண்களுக்கும் ஆளுக்கு 10 லட்சம் ரூபாய் அரசு கொடுக்க வேண்டும், அதில் 5 லட்சத்தைப் பாலியல் குற்றம் செய்தவர்களிடம் அரசு வசூலிக்க வேண்டும், அந்தப் பெண்களுக்கோ குடும்பத்தாருக்கோ வேலை அல்லது சுயதொழிலுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றார். அவர்களில் சிலர் அந்தத் தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை. அவர்கள் பங்கு குடும்பத்துக்கு.

1992-லிருந்து 2023. எனக்கு அப்போ விவரம் தெரியாத வயசு, இப்போ என் பெரிய பையன் மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறான். 31 வருஷம். 10 லட்சம் என்பது நமக்குப் பெரிய தொகைதான். ஆனா 31 வருஷம் முன்னாடி, வீடு இடிந்து, தட்டு முட்டு சாமான் எல்லாம் போய், ஜெயிலிலிருந்து திரும்பி வந்து நின்ற அன்றைக்குக் கையில் கொடுத்த ஆயிரம் ரூபாய் செய்திருக்கக்கூடிய வேலையை இந்தப் பத்து லட்சம் செய்யுமா என்று கேட்டால், செய்யாது என்றுதான் சொல்வேன். அதனால்தான் "தீர்ப்பு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிற பழைய முறையை மாற்ற வேண்டியிருந்தது.

மாற்றத்துக்கு வழி போட்டவர்களில் வீட்டு வேலை செய்யும் பெண்களும் உண்டு. 1993-ல் ராஞ்சியிலிருந்து டெல்லிக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்கள் முரி எக்ஸ்பிரஸ் ரயிலில் ராணுவ ஜவான்களால் சீரழிக்கப்பட்டார்கள். டெல்லியில் வீட்டு வேலை செய்யும் பெண்களின் அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. நம்மைப் போலச் சங்கமாகச் சேர்ந்த பெண்கள்தான். 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. புகார் கொடுக்கும்போதே அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் வக்கீல் இருக்க வேண்டும், அவள் பெயர் வெளியே வரக்கூடாது, இழப்பீடு கொடுக்க ஒரு வாரியம் வேண்டும், குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று சொன்னது. கடைசியில் சொன்னதை இரண்டு தடவை படியுங்கள். தண்டனை வேறு, இழப்பீடு வேறு என்று பிரித்தது அங்கேதான்.

சொன்னாலும் உடனே நடந்துவிடவில்லை. 1996-ல் சட்ட ஆணையம் பரிந்துரை செய்தது. நாடாளுமன்றத்தில் சட்டத் திருத்தம் வந்து 2009 டிசம்பர் 31-ல்தான் 357-அ என்ற பிரிவு அமலுக்கு வந்தது. ஒவ்வொரு மாநில அரசும் இழப்பீட்டுத் திட்டம் வைத்திருக்க வேண்டும், நிதி ஒதுக்க வேண்டும், எவ்வளவு கொடுப்பது என்பதைச் சட்டப் பணிகள் ஆணைக்குழு முடிவு செய்யும் என்று அது சொன்னது. குற்றவாளி யாரென்று கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் கேட்கலாம். கேஸ் விடுதலையில் முடிந்தாலும் கேட்கலாம். 1898-லிருந்து இருந்த ஓட்டை அப்போதுதான் அடைபட்டது.

அப்புறம் 2012 டிசம்பரில் டெல்லி பஸ்ஸில் அந்த மாணவிக்கு நடந்தது. அது எல்லாருக்கும் தெரியும், நான் விவரிக்கப் போவதில்லை. அதற்கு ஒரு மாதம் முன்னாடி நம்ம பக்கத்துக் காரைக்காலில் ஒரு பொறியாளர் பொண்ணு முகத்தில் ஆசிட் ஊற்றினார்கள். சில மாதம் ஆஸ்பத்திரியில் போராடி அந்தப் பிள்ளை செத்துப்போச்சு. அந்தக் காலத்தில் ஆசிட் மளிகைக் கடையிலேயே கிடைக்கும், கக்கூஸ் கழுவ நாமே வாங்கி வந்திருக்கிறோம். டெல்லியில் லட்சுமி என்ற பெண், தானே ஆசிட் வீச்சுக்கு ஆளானவர், 2006-லேயே உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தார். 2013 ஜூலையில் அந்த வழக்கில் உத்தரவு வந்தது. ஆசிட்டைக் கண்டபடி விற்கக் கூடாது, பாதிக்கப்பட்டவருக்குக் குறைந்தது 3 லட்சம், அதில் ஒரு லட்சம் 15 நாளுக்குள் கையில் கிடைக்க வேண்டும். 2015-ல் தனியார் ஆஸ்பத்திரியும் இலவசமாக வைத்தியம் பார்க்க வேண்டும் என்று அதே கோர்ட் சொன்னது.

2013-ல் இன்னொரு சட்டமும் வந்தது. பாலியல் கொடுமைக்கும் ஆசிட் வீச்சுக்கும் ஆளானவர் வந்தால், அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் முதலுதவியும் வைத்தியமும் காசு வாங்காமல் செய்ய வேண்டும். "முதல்ல எஃப்.ஐ.ஆர். எடுத்துட்டு வா" என்று திருப்பி அனுப்பினால் அனுப்பியவர் மேல் கேஸ். இதை ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டி வைக்கலாம் என்பது என் யோசனை. ராத்திரி பதினோரு மணிக்கு வாசல்ல நிக்கிறப்ப யாருக்கும் சட்டம் ஞாபகத்துக்கு வராது.

தமிழ்நாட்டில் இழப்பீட்டுத் திட்டம் 2013-ல் வந்தது. ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு தொகை கொடுத்துக்கொண்டிருந்ததால், தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2018-ல் பெண்களுக்கென்று ஒரு பொதுத் திட்டம் தயாரித்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்று, அந்த வருஷம் அக்டோபர் 2-லிருந்து நாடு முழுக்க அமல் என்றது. அதன்படி பாலியல் வன்கொடுமைக்கு 4 லட்சத்திலிருந்து 7 லட்சம் வரை, கூட்டாகச் செய்த கொடுமை என்றால் 5 முதல் 10 லட்சம், உயிர் போனாலும் 5 முதல் 10 லட்சம், ஆசிட்டால் முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம். பாதிக்கப்பட்டவள் சின்னப் பிள்ளை என்றால் இதைவிடப் பாதி மடங்கு கூட. அடிபட்டுக் கரு கலைந்ததற்கும் தொகை இருக்கிறது. மனசு உடைந்து சிகிச்சை வேண்டியதற்கும் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடி அக்காங்களுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் தனியாகவே நிவாரணம் உண்டு. 1995-ல் விதி வந்தது, 2016-ல் தொகையைக் குற்றத்துக்குத் தகுந்தபடி 85,000 முதல் 8 லட்சத்து 25 ஆயிரம் வரை என்று உயர்த்தினார்கள். அது தவணை தவணையாக வரும். கொலை என்றால் பிரேதப் பரிசோதனை முடிந்ததும் பாதி கொடுத்துவிட வேண்டும். தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

இத்தனை இருந்தும் எத்தனை பேர் வாங்கியிருக்கிறோம்?

எங்க குழுவில் ஒரு அக்கா இருக்காங்க. வரப்புத் தகராறில் அவங்க வீட்டுக்காரரை வெட்டிட்டாங்க. பதினாறாம் நாள் காரியம் முடியறதுக்குள்ள ஊர்ப் பெரியவங்க நாலு பேர் வந்து, "அவங்க ரெண்டு லட்சம் கொடுக்கறாங்க, வாங்கிக்க, சாட்சியை மட்டும் பாத்துச் சொல்லு"ன்னு கேட்டாங்க. அக்கா வாங்கலை. அதுக்கப்புறம் ஒரு அலுவலகத்தில் போய், அரசாங்கத்தில் ஏதோ பணம் தராங்களாமேன்னு கேட்டதுக்கு, "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, பேப்பர்ல அமைச்சர் அறிவிச்சா வரும்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. அந்தப் பதிலை நம்பி ஒன்றரை வருஷம் போயிடுச்சு. இவங்க ரெண்டு பொண்ணுங்களோட பூப்பறிக்கப் போய்க்கிட்டு இருந்தாங்க.

சட்டத் தன்னார்வலர் அம்மா விஷயத்தைச் சொல்லி மனு எழுதலாம்னு வந்தப்பவும் அக்கா ஒத்துக்கலை. "அவங்க குடுத்த ரெண்டு லட்சம் வேணாம்னேன், இது மட்டும் எப்படி வாங்குவேன்? அவரு ரத்தத்துக்குக் காசு வாங்கிட்டான்னு ஊரு பேசாதா?"ன்னு கேட்டாங்க. இந்தக் கேள்வியை லேசாக நினைக்காதீர்கள். நம்ம பக்கம் பாதிப் பேர் மனு போடாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கட்டப்பஞ்சாயத்துக் காசு வாயை அடைக்கக் கொடுப்பது. அதை வாங்கினால் கேஸ் சாகும். ஆணைக்குழு கொடுப்பதை வாங்கினால் கேஸுக்கு ஒன்றும் ஆகாது, அது பாட்டுக்கு நடக்கும், சாட்சி சொல்லத் தெம்பும் வரும். வயித்துக்கு இல்லாதவளைத்தான் முதல்ல விலை பேச வருவாங்க. அன்னைக்கு எங்க குழு வாரக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் இதைத்தான் பேசினோம். கடைசியில் உள்ளதிலேயே வயசான சின்னம்மா ஒருத்தர், "ஊரைக் காப்பாத்தறேன்னு சொன்ன கவர்மெண்டு காப்பாத்தலை, அதுக்கு அது கட்டுற அபராதம்னு நெனச்சுக்கடி"ன்னு சொன்னாங்க. மார்ஜரி ஃப்ரை அம்மா பேரு அந்தச் சின்னம்மாவுக்குத் தெரியாது.

மனு போட்டு, விசாரணை நடந்து, பணம் வந்தது. எவ்வளவு என்று எழுத வேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொண்டார். பெரும் பங்கு வங்கியில் வைப்புத் தொகையாக இருக்கிறது. பெண்கள் திட்டத்தில் பொதுவாக 75 சதவீதத்தைக் குறைந்தது மூன்று வருஷம் வைப்பில் போட்டு, 25 சதவீதத்தை எடுத்துக்கொள்ள விடுவார்கள். இதனால் சொந்தக்காரர்கள் வந்து "அண்ணனுக்கு ஒரு அம்பதாயிரம் கொடு" என்று பிடுங்க முடியாது. அந்தச் சமயத்தில் எங்க குழுவில் ஒரு பேச்சு எழுந்தது, எழுதாமல் விட எனக்கு மனசில்லை. அக்காவுக்குக் குழுக்கடன் நிலுவை இருந்தது. வந்த பணத்தில் முதலில் அதைப் பிடித்துக்கொள்ளலாமே என்று இரண்டு பேர் சொன்னார்கள். அவர்கள் கெட்டவர்கள் கிடையாது, வங்கி நெருக்கும்போது எல்லாருக்கும் பயம் வரும். ஆனால் இழப்பீட்டுப் பணத்தைக் கடனுக்குப் பிடிப்பதில்லை, தவணைக்கு ஆறு மாத அவகாசம் கொடுப்பது என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். மற்ற குழுக்களும் இதைப் பற்றி இப்போதே பேசி வையுங்கள். சம்பவம் நடந்த பிறகு பேசினால் அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராகப் பேச வேண்டியிருக்கும்.

மனு போடும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. அங்கே செயலாளர் நீதிபதி ஒருவர் இருப்பார். பாதிக்கப்பட்டவரோ அவர் குடும்பத்தாரோ மனு கொடுக்கலாம், போலீஸ் நிலைய அதிகாரியும் அனுப்பலாம். முதல் தகவல் அறிக்கை நகல், ஆஸ்பத்திரிச் சீட்டு அல்லது இறப்புச் சான்று, அவரவர் பெயரில் உள்ள வங்கிப் புத்தகம், ஆதார் நகல் வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் எதுவும் கிடையாது. யாராவது "ஐயாவுக்குக் கொடுக்கணும்" என்று கேட்டால் கொடுக்காதீர்கள். விசாரணையை 60 நாளில் முடிக்க வேண்டும் என்று திட்டத்தில் இருக்கிறது, அவசரம் என்றால் அதற்கு முன்பே இடைக்கால உதவி கேட்கலாம். மூன்று வருஷத்துக்குள் மனு போடுவது நல்லது. பொய்ப் புகார் என்று தெரிந்தால் பணத்தைத் திருப்பி வாங்குவார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். வக்கீல் வேண்டுமென்றால் பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசம், இது 1987-ஆம் வருஷச் சட்டத்திலேயே இருக்கிறது. பிள்ளைகள் சம்பந்தப்பட்ட போக்சோ வழக்கில் சிறப்பு நீதிமன்றமே இடைக்கால இழப்பீட்டுக்கு உத்தரவு போடலாம், உத்தரவு வந்த 30 நாளில் அரசு கொடுக்க வேண்டும். சாப்பாடு, துணி, போக்குவரத்துச் செலவுக்கென்று ஒரு வாரத்துக்குள் கிடைக்கும் சின்ன உதவியும் 2020 விதிகளில் சேர்ந்திருக்கிறது.

பணம் மட்டும் போதாது என்பதையும் அரசாங்கம் மெதுவாகத்தான் புரிந்துகொண்டது. டெல்லி சம்பவத்துக்குப் பிறகு 2013 பட்ஜெட்டில் 1,000 கோடியில் நிர்பயா நிதி வைத்தார்கள். அதிலிருந்து 2015-ல் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வந்தன, சகி மையம் என்கிறோமே அதுதான். அடிபட்ட பெண் ஒரே இடத்தில் வைத்தியம், போலீஸ் உதவி, ஆலோசனை, வக்கீல் எல்லாம் பெற வேண்டும், நாலு இடத்தில் நாலு தடவை தன் கதையைச் சொல்லி அழக் கூடாது என்பது நோக்கம். ஐந்து நாள் வரை தங்கவும் இடம் தருவார்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம். 181 எண் தமிழ்நாட்டில் 2018 டிசம்பரில் ஆரம்பித்தது. நான் ஒரு நாள் பரிசோதனையாக அடித்துப் பார்த்தேன், ஒரு பெண் குரல்தான் எடுத்தது, தமிழில்தான் பேசினார்கள்.

2024 ஜூலை 1-லிருந்து பழைய குற்ற விசாரணைச் சட்டம் போய்ப் புதுச் சட்டம் வந்திருக்கிறது. 357-அ இப்போது 396ஆம் பிரிவு. நம்பர்தான் மாறியிருக்கிறது, இழப்பீடு அப்படியே இருக்கிறது. குற்றம் நடந்த எல்லை எதுவானாலும் எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்பதும், விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார் கொடுத்தவருக்குச் சொல்ல வேண்டும் என்பதும் இப்போது சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. சேலத்தில் வேலைக்குப் போன இடத்தில் ஏதாவது நடந்து, ஊருக்கு ஓடி வந்த பிள்ளைகள் விஷயத்தில் இது ரொம்ப உதவும்.

எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098, இலவச சட்ட உதவிக்கு 15100, போனில் பணம் ஏமாந்தால் 1930. சட்டத் தன்னார்வலர் அம்மா அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பழைய கேஸ் ஏதாவது கிடப்பில் இருந்தால், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் சரி, காகிதங்களை ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுத நானும் இன்னும் மூன்று பேரும் உட்கார்ந்திருப்போம்.